அப்பாவின் மனம் எங்கே மாறியது?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சென்ற ஆண்டு மூளையின் முன்பகுதியில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, ஆபத்தான கட்டத்தைத் தாண்டி வீடு திரும்பினார். கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் குழறவில்லை. ஆனால் ஆளே மாறிவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களை எடுத்தெறிந்து பேசுகிறார், அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். தப்பாகப் பேசுகிறோம் என்றே அவருக்குத் தோன்றுவதில்லை. டாக்டர் ஸ்கேனைக் காட்டி, "இந்த இடம் பாதிச்சிருக்கு, அதனாலதான் இப்படி" என்றார். சைவ சித்தாந்தம் படித்த சித்தப்பாவோ, "வீணை பழுதானால் வாசிக்கிறவர் என்ன செய்வார்? அண்ணனுடைய ஆன்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகன், "மனசு, ஆன்மா எல்லாம் சும்மா பேச்சும்மா, இருக்கிறது மூளை மட்டும்தான்" என்கிறான். யார் சொல்வது சரி? மனத்தைப் பற்றி ஆராயும் தத்துவத் துறை ஒன்று இருக்கிறதாமே, அது என்ன சொல்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா திட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூளை செய்கிற காரியத்துக்கு அவரைக் கோபித்துக்கொள்வது நியாயமா?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சித்தப்பாவின் வீணையிலிருந்தே தொடங்குகிறேன். மனம் மூளைக்கு வேறானது என்று வாதிடுகிறவர்களுக்கு இன்றுவரை கைகொடுக்கும் வாதம் அது. மூளையில் அடிபட்டால் மனம் தடுமாறுகிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று உங்கள் மகன் சொன்னால், இடையில் ஒரு படியை அவர் தாண்டிவிடுகிறார். ஒன்று இல்லாமல் மற்றொன்று இயங்காது என்பதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. தந்தி அறுந்தால் இசை நிற்கும். அதற்காக வாசிப்பவரே தந்திதான் என்று யாரும் சொல்ல மாட்டோம். தர்க்கப்படி சித்தப்பா இந்த இடத்தில் தவறவில்லை.

உவமை உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு நோயாளிகளின் கதைகளைத்தான் பார்க்க வேண்டும். பாரிஸை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொருவர் பல ஆண்டுகள் இருந்தார். "டான்" என்ற ஓரசையைத் தவிர அவருக்குப் பேச வரவில்லை. ஆனால் பிறர் சொல்வது புரிந்தது. கைச்சாடையில் பதில் சொல்வார். சாடை எதிராளிக்கு விளங்காவிட்டால் கோபப்படுவார். 1861-இல் அவர் இறந்தபின் பால் புரோக்கா என்ற மருத்துவர் மூளையைப் பார்த்தபோது இடது முன்மடலில் ஓரிடம் சிதைந்திருந்தது. லெபோர்ன் விஷயத்தில் வீணை உவமை அப்படியே பொருந்துகிறது. பாட்டு உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை, வரவில்லையே என்று வாசிப்பவர் தவிக்கிறார்.

உங்கள் அப்பாவிடம் அந்தத் தவிப்பு இல்லை. தப்பாகப் பேசுகிறோம் என்றே தோன்றுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் தத்துவத்துக்கு மிக முக்கியமான வரி என்று நான் நினைப்பது அதுதான். எது தகும், எது தகாது என்று எடைபோடுகிற ஆளிடமே மாற்றம் நடந்திருக்கிறது. இதேபோன்ற பழைய உதாரணம் ஃபினியஸ் கேஜ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் குழுவின் மேஸ்திரி. 1848 செப்டம்பர் 13 அன்று, வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 6 கிலோ எடை, அவருடைய இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவராக இருந்தவர் முரடராகவும் வாய்த்துடுக்கு உள்ளவராகவும் மாறினார் என்றும், இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள் என்றும் அவருக்குச் சிகிச்சையளித்த டாக்டர் ஹார்லோ எழுதினார். பாடப்புத்தகங்கள் இத்தோடு கதையை முடித்துவிடும். கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நேரம் தவறாமல் கிளம்பவும், பயணிகளிடம் பழகவும், பல குதிரைகளை ஒருசேரக் கட்டுப்படுத்தவும் வேண்டிய வேலை அது. காலப்போக்கில் அவர் நன்றாகவே தேறியிருக்க வேண்டும் என்று இப்போதைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி, நீங்கள் கேட்ட துறைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இந்த விவாதத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த். 1641-இல் வெளியான 'தியானங்கள்' நூலில் அவர் சொன்னது இது: உடல் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள், அது சிந்திப்பதில்லை, மனம் சிந்திக்கும் பொருள், அது இடத்தை அடைப்பதில்லை. இரண்டும் அடியோடு வேறு. இதைப் படித்துவிட்டு 1643 மே மாதம் ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். பொஹீமியா இளவரசி எலிசபெத். நாட்டை இழந்து ஹாலந்தில் அடைக்கலம் புகுந்த குடும்பம். அப்போது அவருக்கு வயது 24. அவர் கேட்டது ஒரே கேள்வி. ஒரு பொருளை நகர்த்த வேண்டுமென்றால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும், மேற்பரப்புக்கு இடம் வேண்டும். இடமே அடைக்காத மனம் இந்தக் கையை எப்படித் தூக்குகிறது?

தெகார்த் சுற்றி வளைத்தார். கல்லைக் கீழே இழுக்கும் கனம் கல்லைத் தொட்டா இழுக்கிறது என்று கேட்டார். எலிசபெத் விடவில்லை. அந்த உதாரணம் தனக்கு உதவவில்லை என்றும், பொருளல்லாத ஒன்று பொருளை அசைக்கிறது என்று ஒப்புவதைவிட மனத்துக்கும் பொருள்தன்மை உண்டு என்று ஒப்புவது தனக்கு எளிது என்றும் மரியாதையாக, ஆனால் உறுதியாக எழுதினார். மனமும் உடலும் கூடியிருப்பது தியானத்தால் விளங்காது, அன்றாட வாழ்விலும் உரையாடலிலும்தான் விளங்கும் என்பதே கடைசியில் தெகார்த்திடமிருந்து வந்த பதில். அது நேர்மையான பதில். கேட்ட கேள்விக்கான விடை ஆகாது. இந்தக் கடிதப் போக்குவரத்தின் விளைவாக எழுந்த 1649-ஆம் ஆண்டு நூலில், மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பிதான் ஆன்மா உடலோடு உறவாடும் இடம் என்று அவர் எழுதினார். எந்த இடத்தில் என்பதற்கு அது விடை. எப்படி என்பதற்கு விடை இல்லை. இத்தனை நூற்றாண்டுகளில் மனமும் உடலும் வேறு என்று கொள்ளும் இருமைவாதிகள் யாரும் எலிசபெத்துக்கு நிறைவான பதிலைத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் சித்தப்பாவிடமும் இதையே கேட்கலாம்: வாசிப்பவருக்கு விரல் இருக்கிறது, அதனால் தந்தியை மீட்டுகிறார். ஆன்மாவின் விரல் எது?

சித்தப்பா அசந்துவிட மாட்டார். சித்தாந்தத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, அது தெகார்த்தின் ஏற்பாட்டைவிட நுட்பமானது. தெகார்த் விருப்பையும் சிந்தனையையும் ஆன்மாவின் பக்கம் வைத்தார். சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கையும் அந்தக்கரணங்கள் என்று சொல்லி மாயையின் பக்கம், அதாவது சடப்பொருளின் பக்கம் தள்ளிவிடுகிறது. சாங்கியமும் ஏறத்தாழ அப்படித்தான் கோடு கிழிக்கிறது. எனவே மூளையில் அடிபட்டுச் சுபாவம் மாறினால் சித்தாந்தி திடுக்கிட வேண்டியதில்லை. கருவி மாறிவிட்டது, அவ்வளவுதான். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடலுக்கும் புலனுக்கும் வேறாக ஆன்மா உண்டு என்பதற்கு வரிசையாகக் காரணங்கள் அடுக்குகிறார். 'எனது உடல்' என்று சொல்கிறோம், ஆகவே சொல்பவர் உடலுக்கு வேறு என்பது அவற்றில் ஒன்று. 'எனது உயிர்' என்றும்தானே சொல்கிறோம் என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். அந்தச் சர்ச்சைக்குள் இப்போது போகவில்லை.

நான் கவலையோடு பார்ப்பது வேறொன்று. உங்கள் அப்பாவின் பொறுமை, பாடம் நடத்திய புத்தி, உங்களைப் பற்றிய நினைவு எல்லாமே கருவியின் பக்கம் போய்விட்டால், பழுதாகாமல் மிஞ்சியிருக்கும் ஆன்மா எந்த அளவுக்கு 'உங்கள் அப்பா'? சித்தப்பா சொல்லும் ஆறுதல் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் தேடுவது அந்த ஆன்மாவை அல்லவே. குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரை அல்லவா தேடுகிறீர்கள்.

உங்கள் மகனின் கட்சிக்கு வருவோம். இது மேற்கிலிருந்து நேற்று வந்து இறங்கியது என்று யாராவது சொன்னால் மணிமேகலையின் 27-ஆம் காதையைக் காட்டுங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் பூதவாதி சொல்வது இது: தாதகிப் பூவையும் வெல்லத்தையும் மற்றவற்றையும் கூட்டிவைத்தால் அவற்றில் தனித்தனியே இல்லாத மயக்கும் தன்மை கள்ளில் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. இன்றைக்கு நரம்பியலாளர்கள் பலர் சொல்வதன் எலும்புக்கூடு அப்படியே இதில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கட்சி வேகம் பிடித்தது. 1949-இல் ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல், மனத்தை உடலுக்குள் குடியிருக்கும் இன்னொரு பொருளாகப் பார்ப்பதே அடிப்படைக் கோளாறு என்றார். 1956-இல் யூ.டி. பிளேஸ், அவரையடுத்து 1959-இல் ஜே.ஜே.சி. ஸ்மார்ட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த காலத்தில் உருவான ஒரு கருத்தை நேரடியாக எழுதினார்கள்: மின்னல் என்பது மின்சாரப் பாய்ச்சலே என்று அறிவியல் கண்டுபிடித்ததுபோல, வலி என்பது மூளையில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியே என்று கண்டுபிடிக்கப்படும். எலிசபெத்தின் கேள்வி இங்கே எழவே எழாது. ஆனால் சில ஆண்டுகளில் ஹிலரி பட்னம் வேறொரு சிக்கலைக் கிளப்பினார். ஆக்டோபஸுக்கும் வலிக்கும் என்று நம்புகிறோம். அதன் நரம்பணுக்களில் பெரும்பகுதி தலையில் இல்லை, கைகளில் இருக்கிறது. வலி என்பது மனித மூளையின் இந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சிதான் என்றால் அதற்கு வலியே இருக்கக் கூடாதே? ஆகவே எதனால் ஆனது என்பதைப் பார்க்காமல் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார் பட்னம். காயத்தால் தூண்டப்பட்டு, விலகவும் அலறவும் தவிர்க்கவும் வைக்கிற நிலை எதுவோ அது வலி. செயற்பாட்டுவாதம் என்று இதற்குப் பெயர். கணினிக்கு மனம் இருக்க முடியுமா என்ற இன்றைய சர்ச்சைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

உங்கள் மகன் இதோடு வழக்கு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அவரிடம் ஃபிராங்க் ஜாக்சன் 1982-இல் எழுதிய மேரி கதையைச் சொல்லுங்கள். மேரி ஒரு விஞ்ஞானி. பிறந்தது முதல் கறுப்பு வெள்ளை அறையில் அடைபட்டு, கறுப்பு வெள்ளைத் திரையின் வழியாகவே படித்தவள். நிறத்தைப் பற்றி இயற்பியலும் நரம்பியலும் சொல்லக்கூடிய அத்தனையும் அவளுக்குத் தெரியும்: எந்த அலைநீளம் விழித்திரையில் எதைத் தூண்டுகிறது, அது எந்த வழியாக மூளைக்குப் போகிறது, எப்படி ஒருவர் வாயில் 'சிவப்பு' என்ற சொல்லாக வருகிறது, எதுவும் பாக்கியில்லை. ஒருநாள் கதவு திறக்கிறது. பழுத்த தக்காளி ஒன்றை முதன்முதலாகப் பார்க்கிறாள். அப்போது அவள் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறாளா, இல்லையா?

தெரிந்துகொள்கிறாள் என்றால், மூளையைப் பற்றிய எல்லாம் தெரிந்தும் தெரியாமல் போன ஒன்று இருந்திருக்கிறது என்று ஆகிறது. மகன் இதற்கு எதிர்வாதம் வைக்கலாம்: அவள் பெற்றது புதிய செய்தி இல்லை, சிவப்பை அடையாளம் காணும் திறமைதான் என்று. நல்ல எதிர்வாதம், அதைச் சொன்னவர்கள் உண்டு. ஜாக்சனே பிற்காலத்தில் தன் முடிவை மாற்றிக்கொண்டு எல்லாம் பொருளே என்னும் பொருள்முதல்வாதத்துக்கு வந்துவிட்டார். ஆனாலும் கேள்வி ஓயவில்லை. ஜாக்சனுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1974-இல், தாமஸ் நேகல் வௌவாலை வைத்து இதையே இன்னும் ஆழமாகக் கேட்டிருந்தார். ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இருட்டில் சுவரையும் பூச்சியையும் அறிகிற அந்த உயிருக்கு உலகம் எப்படி இருக்கும்? வௌவாலின் மூளையை முழுக்கப் பிரித்துப் பார்த்தாலும், வௌவாலாக இருப்பது அதற்கே எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டுமா? எங்கிருந்து யார் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிவதுதான் அறிவியல் உண்மை. அனுபவமோ ஒருவருடைய இடத்திலிருந்து மட்டும் இருப்பது. டேவிட் சால்மர்ஸ் 1990-களின் நடுவில் இதற்குக் 'கடினமான பிரச்சினை' என்று பெயர் வைத்தார். நினைவு, கவனம், பேச்சு எப்படி வேலை செய்கின்றன என்பவற்றை நரம்பியல் காலப்போக்கில் விளக்கிவிடும்; இத்தனை வேலையும் நடக்கும்போது கூடவே ஏன் ஓர் உணர்வும் இருக்கிறது என்பதுதான் கடினம் என்றார்.

1998-இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், பிரக்ஞைக்குக் காரணமான மூளைச் செயல்பாடு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டுபிடிக்கப்படும் என்று சால்மர்ஸிடம் ஒரு பெட்டி ஒயின் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில், இன்னும் தெளிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார். இதை ஆன்மாவுக்குக் கிடைத்த வெற்றி என்று சித்தப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி திறந்தே இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை.

என் நிலை என்ன என்று கேட்பீர்கள். எந்தக் கொள்கையானாலும் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவர் எலிசபெத், இன்னொருவர் நேகல். எலிசபெத்துக்குப் பதில் இல்லாததால் தனித்து நிற்கும் ஆன்மாவை என்னால் ஏற்க முடியவில்லை. நேகலுக்குப் பதில் வரும்வரை 'மூளை மட்டும்தான்' என்பதை முடிந்த முடிவாகவும் ஏற்க முடியவில்லை. மனம் மூளையைச் சார்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது மூளையைப் பற்றி இப்போது நமக்குத் தெரிந்தவற்றுக்குள் அடங்கிவிட்டது என்று சொன்னால் மட்டும் மறுப்பேன். உங்கள் மகனின் வாக்கியத்தில் எனக்கு உறுத்துவது அந்த 'மட்டும்'.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார் விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர், கண் திறந்திருந்தும் எதற்கும் அசைவில்லாமல், பிரக்ஞையற்றவர் என்று கருதப்பட்ட நிலையில் இருந்தார். 2006-இல் கேம்பிரிட்ஜில் அட்ரியன் ஓவன் குழுவினர் அவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அப்படிக் கற்பனை செய்யும்போது மூளையில் அசைவுக்கான எந்தப் பகுதி விழிக்குமோ அதே பகுதி அவருக்கும் விழித்தது. வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, இடம் அறியும் பகுதிகள். சொன்னதைக் கேட்டு, புரிந்து, செய்திருக்கிறார்; வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை. மனம் என்பது வெளியே தெரியும் நடத்தைதான் என்று நம்பிய ஒரு காலத்தில் இவரை மனமற்றவர் என்றே முடிவுகட்டியிருப்பார்கள். அதே சமயம், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க உதவியது மூளையைப் பார்த்ததுதான் என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் கோபத்தைப் பற்றி. 1962-இல் வெளியான 'சுதந்திரமும் மனக்கசப்பும்' என்ற கட்டுரையில் பீட்டர் ஸ்ட்ராசன், மனிதர்களை இரண்டு விதமாக அணுகுகிறோம் என்றார். ஒன்று, அவர் செய்வதற்கு நன்றி பாராட்டுவது, கோபிப்பது, மன்னிப்பது; அவரைச் சமமான ஆளாக நடத்துவது. இன்னொன்று, கையாள வேண்டிய, சிகிச்சை தர வேண்டிய நிலையாக அவரைப் பார்ப்பது. நோயுற்றவரிடம் நாம் இரண்டாவதற்கு மாறுகிறோம், அது சரிதான். ஆனால் முழுக்க மாறிவிட்டால் அவரோடு உறவு என்று எதுவும் மிஞ்சாது. உங்கள் கோபத்தை ஒரு குற்றமாக நான் பார்க்கவில்லை. அவரை இன்னும் அப்பாவாகவே நடத்துவதால்தான் அது வருகிறது. எல்லாமே மூளைதான் என்பதால் கோபம் அர்த்தமற்றது என்று மகன் சொன்னால், எல்லார் விஷயத்திலும் எல்லாமே மூளைதானே என்று கேளுங்கள். அப்பாவைப் பொறுத்துக்கொள்ளக் காரணம், தகாததைத் தடுக்கிற குறிப்பிட்ட திறன் அவருக்கு அடிபட்டிருப்பது. அவருக்கு மூளை இருப்பது அல்ல. அந்தத் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பயிற்சியால் எவ்வளவு திரும்பும் என்பதை டாக்டரிடம் தனியாகக் கேட்டறியுங்கள். அம்மாவுக்கும் இதை யாராவது பொறுமையாக விளக்க வேண்டும். திட்டு வாங்குவது அவர்தான்.

படிக்கக் கேட்டால்: ஆங்கிலத்தில் தொடங்க நேகலின் 'வாட் டஸ் இட் ஆல் மீன்?' மிகச் சிறிய நூல். தத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது, மனமும் உடலும் பற்றி அதில் ஓர் இயல் உண்டு. அதற்குப் பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1998-இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்'. நோயாளிகளைப் பற்றிய இயல்களை முதலில் படியுங்கள், கடைசி இயலை மகனோடு சேர்ந்து படியுங்கள். சித்தப்பாவிடம் எலிசபெத்தின் கடிதங்களைக் கொடுங்கள், மூன்றாம் சூத்திரத்தை வைத்துக்கொண்டு எலிசபெத்துக்கு அவர் என்ன பதில் எழுதுவார் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை. எழுதினால் அனுப்பிவையுங்கள்.